துப்பாக்கிக் குழல் பழக்கல்

துப்பாக்கிக் குழல் பழக்கல் என்பது, புதிய சுரிகுழல் துப்பாக்கியின் முதல் சில தோட்டாக்களைச் சுடும்போது, இடையிடையே குழலைத் துப்புரவு செய்து அதன் உட்பரப்பை வழவழப்பாக்கும் முறையாகும். இம்முறையின் பயன் குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது. ஆனால் காரைக்கால் போன்ற கடலோரப் பகுதிகளில், குழலைத் துருவிலிருந்து காப்பது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

காரணம்

குழலின் உள்ளே திருகுபோல் வெட்டப்பட்ட புரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. தோட்டா அறையைக் குடையும் கருவி, புரிகள் தொடங்கும் 'தொண்டை'ப் பகுதியில் நுண்ணிய குறுக்குக் கீறல்களை விட்டுச் செல்கிறது. இவை குண்டின் செப்பு உறையைச் சுரண்டுவதால் குழலில் செப்பு படிகிறது. படிவு மிகுந்தால் குறி துல்லியம் குறையும்.

முறை

பொதுவாக, முதலில் ஒவ்வொரு தோட்டாவுக்குப் பின்னரும், பிறகு மூன்று அல்லது ஐந்து தோட்டாக்களுக்கு ஒருமுறையும் செப்புப் படிவு நீக்கப்படும். படிவு குறைந்ததும் பழக்கல் முடிந்ததாகக் கொள்ளப்படும்.

மாற்றுக் கருத்து

அமெரிக்காவின் க்ரீகர் நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைக்கிறது. குழல் தயாரிப்பாளரான கேல் மெக்மில்லன், இது குழலின் ஆயுளை வீணாக்குவதாக வாதிட்டார். ஏகேஎம், இன்சாசு போன்ற குரோமியம் பூசிய குழல்களுக்குப் பழக்கல் தேவைப்படுவதில்லை. செப்பு உறையற்ற ஈயக் குண்டுகளைச் சுடும் .22 துப்பாக்கிகளில் செப்புப் படிவு ஏற்படாது. இந்தியாவில் வாங்கத்தக்க தோட்டாக்களின் எண்ணிக்கை உரிமத்திலேயே வரையறுக்கப்படுவதால், பழக்கலுக்குச் செலவாகும் தோட்டாக்களும் கருதத்தக்கவை.

கடலோரத்தில் பராமரிப்பு

காரைக்கால் மாவட்டம் அரசலாறு கடலில் கலக்கும் காவிரிக் கழிமுகப் பகுதியில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் வீசும் உப்புக் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் எஃகை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு அரித்த குழிகளை எந்தப் பழக்கலாலும் சரிசெய்ய இயலாது.

* முதலில் தோட்டா அறை காலியாக உள்ளதை உறுதிசெய்ய வேண்டும்.
* இயன்றவரை தோட்டா அறைப் பக்கமிருந்து குழல்வாய் நோக்கியே துப்புரவு செய்ய வேண்டும். குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். தேசிய மாணவர் படையில் இதற்குப் 'புல் த்ரூ' கயிறும் 'சிந்தி' எனப்படும் துணித்துண்டும் பயன்படுகின்றன.
* அமோனியா கலந்த கரைப்பானைக் குழலில் நெடுநேரம் விடலாகாது.
* உலர்த்திய பின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். சுடுமுன் அதனைத் துடைத்துவிட வேண்டும்.
* ஈரத்தைத் தேக்கும் தோல் அல்லது துணி உறையில் நெடுநாள் வைத்தல் கூடாது. பெட்டியினுள் சிலிக்கா ஜெல் வைப்பது ஈரத்தைக் குறைக்கும்.

பழைய தோட்டாக்கள்

லீ-என்பீல்டு .303 துப்பாக்கிக்கான பழைய தோட்டாக்கள் பலவற்றின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பைப் போலவே ஈரத்தை ஈர்க்கும். இவ்வுப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எனவே சுட்ட பின் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடும் வழக்கம் இருந்தது. எண்ணெய் மட்டும் பூசினால், அதன் அடியிலேயே துரு வளரும்.

இவற்றையும் பார்க்கவும்

* துரு
* லீ-என்பீல்டு
* காரைக்கால் மாவட்டம்