பாசியிலிருந்து பார்வைக்கு: ஒளிமரபியல் கடந்துவந்த பாதை

1979இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய ஃபிரான்சிஸ் கிரிக், மூளை ஆய்வுக்கு இன்றியமையாத ஒரு முறையைக் குறிப்பிட்டார். ஒருவகை நரம்பணுக்களை மட்டும் கட்டுப்படுத்தி, ஏனையவற்றைத் தொடாமல் விடும் முறை அது. மின்முனை தன் அருகிலுள்ள பலவகை நரம்பணுக்களைச் சேர்த்தே தூண்டுகிறது. மருந்தோ மெதுவாகப் பரவி எங்கும் செயல்படுகிறது. ஒளியே தக்க கருவியாகலாம் என்று 1999இல் கிரிக் எழுதினார்; எனினும் அது எளிதில் கைகூடாது என்றே அவருக்கும் தோன்றியது.

மரபணுவைச் செலுத்தும் வழியும் அப்போது இடர் நிறைந்திருந்தது. அதே 1999இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை ஆய்வொன்றில் பங்கேற்ற 18 வயது இளைஞர், மரபணுவைச் சுமந்த அடினோவைரஸுக்கு எதிராக உடல் காட்டிய கடும் எதிர்வினையால் உயிரிழந்தார். அத்துறை பல ஆண்டுகள் தயங்கி நின்றது.

விடை, மருத்துவத்தை நோக்கமாகக் கொள்ளாத ஆய்விலிருந்து வந்தது. கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பாசி ஒளியை உணர்ந்து நீந்துவது எவ்வாறு என்பதை ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன் நெடுங்காலம் ஆராய்ந்தார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் அவரும் கேயார்க் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோரும், ஒளி பட்டதும் திறந்து அயனிகளை உள்ளே விடும் சேனல்ரொடாப்சின் புரதங்களை விளக்கினர். 2005இல் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசராத் முதலியோர் அப்புரதத்தின் மரபணுவை லென்டிவைரஸ் வழியே நரம்பணுக்களுக்குள் செலுத்தி, மில்லிநொடித் துல்லியத்துடன் நீல ஒளியால் அவற்றை இயக்கியதை வெளியிட்டனர். அதைக் காணக் கிரிக் இல்லை. அவர் 2004இல் மறைந்திருந்தார்.

சிகிச்சையின் முதற்களம் கண்ணே ஆயிற்று. விழித்திரை மைய நரம்பு மண்டலத்தின் பகுதி. அங்கே ஒளி தானே சென்றடையும். மூளையின் ஆழத்திற்கோ மண்டையோட்டைத் துளைத்து ஒளியிழை செலுத்த வேண்டும். 2006இல் ஷுவோ-ஹுவா பான் குழுவினர், ஒளியுணர் செல்களை இழந்த எலிகளின் விழித்திரையில் எஞ்சிய செல்களுக்கு ஒளியுணர்வை அளித்தனர். 2021இல் ஜோசே-அலென் சாஹெல், போட்டோண்ட் ரோஸ்கா குழுவினர், விழித்திரைச் சிதைவால் பார்வையிழந்த 58 வயது மனிதர் ஒருவரைப் பற்றி அறிவித்தனர். ஏஏவி எனப்படும் சிறு வைரஸ் வழியே ஒரு கண்ணில் மரபணு செலுத்தப்பட்டது. காட்சியைச் செம்மஞ்சள் ஒளித்துடிப்புகளாக மாற்றும் கண்ணாடியை அணிந்தபோது, மேசைமேல் இருந்த பொருள்களை அவர் கண்டறிந்து, தொட்டு, எண்ணினார். சாலையைக் கடக்கும் இடத்தின் வெள்ளைக் கோடுகளையும் கண்டார்.

இது முழுப் பார்வை அன்று. ஒருவரிடம் கிடைத்த பகுதி மீட்பே. ஆயினும் ஒரு பாசி ஏன் ஒளியை நாடுகிறது என்ற வினாவை, பயன் என்ன என்று கேட்டு எவரேனும் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தால், அந்த வெள்ளைக் கோடுகள் அவருக்கு இருளிலேயே இருந்திருக்கும்.