ஐநூற்று ஒன்றாவது யூனிட்

ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை? 2022 செப்டம்பர் வரைக்கும் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வினோதமான பதில் இருந்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,130 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. அந்தக் கடைசி ஒரு யூனிட்டின் விலை மட்டும் 656 ரூபாய்க்கு மேல்.

மீட்டர் கோளாறு இல்லை. கணக்கே அப்படித்தான். 200-ஐத் தாண்டி 500-க்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2 ரூபாய், அதற்கு மேல் தலா 3 ரூபாய், நிலைக் கட்டணம் 30. தாண்டிவிட்டால் எல்லாமே மாறும். 2 ரூபாய் 3.50 ஆகும், 3 ரூபாய் 4.60 ஆகும், 500-க்கு மேல் ஓடியதற்குத் தலா 6.60, நிலைக் கட்டணம் 50. வருமான வரியில் ஒரு படி ஏறினால் மேலே உள்ள பணத்துக்குத்தான் கூடுதல் வரி. கரண்ட் பில்லோ பின்னால் திரும்பிப் போய், போன மாதம் எரிந்த விளக்குக்கும் புது விலை போடும்.

இதை ஒரு தரவுத்தள அட்டவணையாக நினைத்துப் பாருங்கள். மனிதர் கையால் உள்ளே போவது ஒரே ஓர் எண்தான்: இன்றைய ரீடிங். யூனிட், விலைப்படி, தொகை என்று மிச்சக் கட்டங்கள் எல்லாம் தானாக நிரம்பும். ‘இவ்வளவுக்குள் என்றால் இது, இல்லையென்றால் அது’ என்ற நிபந்தனைதான் அவற்றை நிரப்புகிறது. எஸ்கியூஎல் மொழியில் இதற்கு ‘கேஸ்’ என்று பெயர். 1992-இன் தரநிலையிலேயே வந்துவிட்டது. ரீடிங் எடுப்பவர் வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதிய காலத்திலும் நிபந்தனை இருந்தது. ஆனால் அட்டையில் தெரிந்தது முடிவு மட்டும். அந்த ‘என்றால்’ யார் போட்டது, ஏன் போட்டது என்று அட்டை சொல்லாது.

போட்டது அரசியல்தான். 2016 மே 23 அன்று, பதவியேற்ற நாளிலேயே, ஜெயலலிதா 100 யூனிட் இலவச ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு கையெழுத்து, லட்சக்கணக்கான வீடுகளின் தொகைக் கட்டத்தை மாற்றியது. எந்த வீட்டுக்கும் யாரும் போய்த் திருத்தவில்லை.

இந்தக் கணக்கு வெளியே தெரிந்து, ஜனங்கள் சண்டைக்கு வந்த வருடம் 2020. மார்ச் 25-இல் நாடு தழுவிய ஊரடங்கு. ரீடிங் எடுப்பவர் வீடு வீடாக வர முடியாது. போன முறை கட்டிய தொகையையே இப்போதைக்குக் கட்டுங்கள் என்றது மின்வாரியம். ஜூனில் சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் மறுபடி முழு ஊரடங்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதற்குள்தான். பட்டறைகள் மூடிக்கிடந்தன, சம்பளம் நின்றது, கோடையில் மொத்தக் குடும்பமும் வீட்டிலேயே ஃபேனுக்கு அடியில். கடைசியில் நான்கு மாதத்து ரீடிங் ஒன்றாக வந்தது.

அதை இரண்டாக வகுத்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக விலை போட்டு, கூட்டி, ஏற்கனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தை அல்ல, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு போனது. யார் சொன்னது சரி? பென்சில் எடுத்தால் தெரிந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இருவரும் முன்பு 400 யூனிட்டுக்கான 830 ரூபாயைக் கட்டியவர்கள். நான்கு மாதத்தில் முதல் வீட்டில் 960 யூனிட். பாதி 480, அதற்கு 1,070 ரூபாய். இரண்டு பாதிக்கும் சேர்த்து 2,140. கட்டியது போக பாக்கி 1,310. யூனிட்டாகக் கழித்திருந்தால் மிச்சம் 560, பாக்கி 2,176. வாரியத்தின் கணக்கில் இந்த வீட்டுக்கு 866 ரூபாய் லாபம்.

இரண்டாவது வீட்டில் 1,040 யூனிட். பாதி 520, இரண்டு பாதியும் 500-ஐத் தாண்டிவிட்டன. மொத்தம் 3,824, பாக்கி 2,994. யூனிட்டாகக் கழித்திருந்தால் 2,704தான். இங்கே 290 ரூபாய் நஷ்டம்.

ஒரே விதி ஒரு வீட்டைக் காப்பாற்றியது, அடுத்த வீட்டை அடித்தது. நான்கு மாதத்தில் 80 யூனிட் வித்தியாசத்துக்கு பில்லில் 1,684 ரூபாய் வித்தியாசம். அதனால்தான் அன்றைய விவாதம் கடைசி வரை ஒத்துப்போகவே இல்லை. ‘கணக்கு சரி’ என்றவரும் பொய் சொல்லவில்லை, ‘கொள்ளை’ என்றவரும் பொய் சொல்லவில்லை. பிரச்சினை வகுத்ததிலோ கழித்ததிலோ இல்லை. 500 என்ற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. எந்த வழியில் போனாலும் யாராவது ஒருவர் அதில் விழுந்தார்கள். 2020 ஜூலையில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஜூலை 21 அன்று திமுகவினர் வீட்டுவாசலில் கறுப்புக்கொடி பிடித்தார்கள். பள்ளத்தை மூடு என்று கேட்டவர்களின் குரல் இரண்டு பக்கமும் பெரிதாக எழவில்லை.

2022 செப்டம்பர் 10-இல் புதுக் கட்டணம் வந்தது. வீடுகளுக்கு நிலைக் கட்டணம் போனது, விலை ஏறியது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. பள்ளத்தின் ஆழம் 233 ரூபாயாகக் குறைந்தது. மூடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நிபந்தனை எண்ணுவது மீட்டரைத்தான், அடுப்புகளை அல்ல. நாலு குடித்தனம் ஒரே மீட்டரில் இருந்தால் நாலு சிக்கனமான குடும்பங்களும் சேர்ந்து ஒரு ‘பணக்கார’ வீடாகிவிடும். 100 இலவச யூனிட்டும் நாலாகப் பிரிந்துவிடும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்லி வசூலிக்கும்போது, அரசு கொடுத்த சலுகை வாசல்படியோடு நின்றுபோகிறது.

தனி மீட்டர் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கை ஜனங்களே ஓட்டிப் பழகிவிட்டார்கள். ரீடிங் தேதிக்கு நாலு நாள் முன்னால் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்ப்பார். உள்ளே இருந்து குரல் வரும்: “எவ்ளோ காட்டுது?”

“நானூத்தி எம்பது. ஏசிய ஆஃப் பண்ணு, தாண்டிடப் போவுது.”