பெருமரங்களும் பெயர்களும்

கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டுமே இயற்கையாக வளர்வது பெருஞ்செக்கோயா மரம். பருமனில் அதனை விஞ்சும் மரம் உலகில் வேறில்லை. விசாலியா நகரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, திரீ ரிவர்ஸ் என்னும் சிற்றூரைக் கடந்து செக்கோயா தேசியப் பூங்காவினுள் புகுந்ததும் ‘ஜெனரல்ஸ் நெடுஞ்சாலை’ எனப் பெயர் பெறுகிறது. வளைந்து வளைந்து மலையேறும் இச்சாலை ‘ஜெனரல் ஷெர்மன்’ மரத்தையும் ‘ஜெனரல் கிராண்ட்’ மரத்தையும் இணைக்கிறது. ஷெர்மன் மரத்தின் உயரம் ஏறத்தாழ 275 அடி. அடிமரத்தின் கன அளவு 52,500 கன அடி. அகவை 2,200 ஆண்டு என மதிப்பிடுவர். உள்நாட்டுப் போரில் வென்ற படைத்தலைவர் இருவரின் பெயர்கள், அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஓங்கி நின்ற மரங்களின்மேல் ஏறியிருக்கின்றன. பெயரிட்டவர் யார், காத்தவர் யார் என்னும் வினாவோடு இச்சாலையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

பெயர்ப் போர்

1853இல் இங்கிலாந்தின் தாவரவியலறிஞர் ஜான் லிண்ட்லி, முந்தைய ஆண்டு மறைந்த வெலிங்டன் கோமகன் நினைவாக இம்மரத்திற்கு ‘வெலிங்டோனியா’ எனப் பெயர் சூட்டினார். தம் மண்ணின் மரத்திற்கு அயல்நாட்டுப் படைத்தலைவன் பெயரா எனச் சினந்த அமெரிக்கர் சிலர் ‘வாஷிங்டோனியா’ என்றனர். இன்று வழங்கும் அறிவியற்பெயர் நிலைபெற 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்பூசல்களுக்கு நெடுங்காலம் முன்பே, வடக்கே யோசெமிட்டிப் பகுதியில் வாழ்ந்த மீவோக் மக்கள் இம்மரத்தை ‘வாவோனா’ என்றழைத்தனர். அது மரத்தின் காவல் தெய்வமாகிய ஆந்தையின் குரலொலியிலிருந்து பிறந்த சொல் என்பர். காடே தந்த பெயர் அது ஒன்றே எனலாம்.

பெயர் பெற்றதனால் மரம் பிழைத்துவிடவில்லை. கிராண்ட் தோப்பிற்கு அருகில் ‘மார்க் ட்வைன்’ எனப் புகழ்பெற்ற எழுத்தாளரின் பெயர் தாங்கி நின்ற மரம் 1891இல் வெட்டப்பட்டது. அதன் குறுக்குத் துண்டுகள் நியூயார்க் அருங்காட்சியகத்திற்கும் இலண்டனுக்கும் காட்சிப் பொருளாகச் சென்றன. அடிக்கட்டை இன்றும் அங்கே கிடக்கிறது. பகைவரின் காவன்மரத்தை வெட்டி வெற்றி கொண்டாடிய வேந்தரைச் சங்கப் பாடல்களில் கண்ட நமக்கு, பகையே இன்றி வெட்டிய இச்செயல் வியப்பினும் வேதனையே தருகிறது.

நிமிடங்களால் ஆன சாலை

சான்பிரான்சிஸ்கோத் தொழிலாளர் இயக்கத்தினர் சிலர் 1886இல் இம்மலையடியில் ‘கவீயா’ என்னும் கூட்டுறவுக் குடியிருப்பை நிறுவினர். மரம் அறுத்து விற்றுப் பொதுவுடைமை வாழ்வு நடத்துவது அவர்கள் கனவு. ஒருவர் எத்தனை நிமிடம் உழைத்தார் என்பதைக் குறித்த சீட்டுகளே அவர்களிடையே நாணயமாக வழங்கின. பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே நான்காண்டு பாடுபட்டு, மலையின்மீது 18 மைல் சாலை அமைத்தனர். ஷெர்மன் மரத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கார்ல் மார்க்ஸ்’!

1890ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று செக்கோயா தேசியப் பூங்கா சட்டமாயிற்று. ஒரு வாரத்திற்குள் அதன் எல்லை விரிந்து, குடியிருப்பினர் உரிமை கோரியிருந்த பெருமரக் காட்டையும் தன்னுள் அடக்கியது. நிலமும் கிட்டவில்லை, சாலைக்கு ஈடும் கிட்டவில்லை. குடியிருப்பு கலைந்தது, மார்க்ஸ் பெயரும் மறைந்தது. காடு அறுபடாமல் தப்பியது நன்றே. ஆயினும் அக்காட்டைக் காணப் பல்லாண்டுகள் மக்கள் ஏறிச் சென்றது அவர்கள் வியர்வையால் அமைந்த பாதையில்தான் என்பதும் மறக்கத் தக்கதன்று.

இருபதாண்டு பொறுக்கச் சொன்னவர்

அச்சாலையைப் பெருமரக் காடு வரை கொண்டு சேர்த்தவர் சார்லஸ் யங். 1864இல் கென்டக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர். 1903இல் இப்பூங்காவின் பொறுப்பு அலுவலரானார். தேசியப் பூங்கா ஒன்றிற்குத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினத்தவர் அவரே. அவரும் அவருடைய கறுப்பினக் குதிரைப்படை வீரரும் அந்த ஒரே கோடையில் சாலையை முடித்தனர். வண்டிகள் முதன்முறையாகப் பெருமரங்களின் அடிவரை சென்றன.

நன்றியுணர்ந்த மக்கள் ஒரு மரத்திற்கு அவர் பெயரிட விழைந்தனர். இருபதாண்டுக்குப் பின்னும் இதே எண்ணம் உங்களுக்கு இருக்குமானால் அப்போது பார்க்கலாம் என மறுத்த யங், கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பெயரை ஒரு மரத்திற்கு இடச் செய்தார். 1922இல் யங் மறைந்தார். இருபதாண்டு கேட்டவருக்கு நூறாண்டு கழிந்து, 2004இல்தான் ஒரு மரம் அவர் பெயர் பெற்றது. வாழுங்காலத்தில் எட்டாத ஜெனரல் பதவியும் 2022இல் வந்து சேர்ந்தது.

பெயரில்லாக் காவலர்

இவர்கள் அனைவருக்கும் முன்பே, மோனோ முதலிய தொல்குடியினர் காட்டின் அடித்தளத்தில் அவ்வப்போது சிறுதீ மூட்டிப் புதரையும் சருகையும் எரித்து வந்தனர். அவர்கள் அகற்றப்பட்டபின் தீயைப் பகையென்று கருதி, அதனை முற்றிலும் அணைப்பதே காவல் எனக் கொள்ளப்பட்டது. 1960களில் ரிச்சர்டு ஹார்ட்ஸ்வெல்டு முதலியோரின் ஆய்வுகள் அதனை மறுத்தன. செக்கோயாவின் காய்கள் தீயின் வெம்மையால் விரிந்து விதை சொரிகின்றன; சருகு எரிந்து வெறுமையான மண்ணில்தான் நாற்று வேரூன்றுகிறது. 1968 முதல் பூங்காவினரே திட்டமிட்டுச் சிறுதீ இடலாயினர்.

எனினும் நூறாண்டாகச் சேர்ந்த சுள்ளியும் வறட்சியும் வெப்பமும் ஒன்றுகூடின. 2020, 2021 ஆகிய ஈராண்டுக் காட்டுத்தீயில் ஏறத்தாழ 10,000 முதல் 14,000 வரையான பெருஞ்செக்கோயாக்கள் மாண்டன. ஷெர்மன் மரத்தின் அடியைத் தீ தாங்கும் உலோகப் போர்வையால் சுற்ற நேர்ந்தது. அக்காட்டில் முன்பே பலமுறை இட்ட சிறுதீயே அதனைப் பெரிதும் காத்தது.

வெலிங்டனும் மார்க்ஸும் ஷெர்மனும் பெயராக வந்தனர். மரம் எப்பெயரையும் அறியாது. அதனை வாழவைத்தது சருகெரித்த கைகளின் அறிவு. காணும் பேற்றை நமக்களித்தது மண் வெட்டிய கைகளின் உழைப்பு. அக்கைகளுக்கு உரியோரில் மிகப் பலருக்கு எந்த மரத்திலும் பெயர் இல்லை. பெயரிடுதலையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் சிந்திக்க வேண்டியது இது. சொல் ஒன்றைச் சூட்டுவதோடு நம் கடன் முடிவதில்லை. சூட்டியதைப் பேணவும் வேண்டும். பேணியவரைத் தேடிச் சொல்லவும் வேண்டும்.