சேர்வராயன் மலையும் சென்னை மந்திரி சபையும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற பாறை முனையில் மாலை வேளையில் நின்றால், கீழே சேலம் நகரும் அதற்கப்பால் பரந்த சமவெளியும் கண்ணுக்குத் தெரியும். அங்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. பிரிட்டிஷ் முடியரசின்கீழ்ச் சென்னை மாகாணத்தை நடத்திய மந்திரி சபைகளின் வரலாற்றில் இந்தச் சேலம் ஜில்லாவுக்குத் தனி இடம் உண்டு. மாணவ நேயர்களுக்கு அதனைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமைச்சு என்பது நமக்குப் புதிதன்று. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆனால் பழைய அமைச்சர் அரசனுக்கு மட்டுமே பொறுப்பானவர். மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பொறுப்பான மந்திரி என்பவர் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே இங்கு தோன்றினார். அந்தச் சட்டம் ஏற்படுத்திய முறைக்கு இரட்டையாட்சி என்று பெயர். நிதி, போலீஸ், நிலவரி ஆகியவை கவர்னரும் அவருடைய நிர்வாக சபையினரும் கையாளும் ஒதுக்கப்பட்ட இலாகாக்கள். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், கலால் முதலியவை மந்திரிகளிடம் மாற்றப்பட்டவை. பள்ளிக்கூடம் திறக்கும் பொறுப்பு மந்திரிக்கு. பணப் பெட்டியின் சாவியோ பிறர் கையில்!

1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சியின் முதல் மந்திரி சபை பதவியேற்றது. அடுத்த ஆண்டு பனகல் அரசர் தலைமை ஏற்றார். 1926-இல் முதல் மந்திரியானவர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். சைமன் கமிஷனைப் பகிஷ்கரிப்பது பற்றிய பிரச்னையில் 1928-இல் அவருடைய சகாக்கள் இருவரும் ராஜினாமாச் செய்தனர். அவர் பதவியில் நீடித்தார். வேறு இருவர் நியமனம் பெற்றனர். ஒன்றாக நின்று ஒன்றாக விலகும் கூட்டுப் பொறுப்பு அப்போது வேரூன்றவில்லை என்பதற்கு இது சான்று.

இந்த முறையில் இன்னொரு விபரீதமும் இருந்தது. மந்திரிகளின் இலாகாக்களில் பெரும் வருமானம் தந்தது கலால். குடியானவன் கள்ளுக்கடையில் கொடுத்த காசுதான் அவன் மகனுடைய பள்ளிக்கூடத்துக்கு உதவ வேண்டும். குடியை ஒழித்தால் கல்விக்குப் பணமில்லை. கல்வியை வளர்த்தால் குடியும் வளர வேண்டும்.

இந்தச் சிக்கலை நேராக எதிர்த்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாயிருந்து, நகரசபைத் தலைமையும் வகித்த அவர், 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்குப் பிரசாரத்திற்காக அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நீக்கியது. 1937 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களுள் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. ஜூலை 14 அன்று ராஜாஜி பிரதம மந்திரியானார். டாக்டர் சுப்பராயனும் அவருடைய சபையில் இடம்பெற்றார். நிதியும் இப்போது மந்திரிகள் வசம். அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. சேர்வராயன் மலையும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. பின்னர் மதுவிலக்கு வேறு சில ஜில்லாக்களுக்கும் பரவியது. இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. இன்று கடையில் நாம் செலுத்தும் வரிக்கு அது ஒரு முன்னோடி.

அந்தச் சபை செய்தவையெல்லாம் போற்றப்பட்டன என்று கருதவேண்டாம். பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதைத் தமிழ்நாடு கடுமையாக எதிர்த்தது. பலர் சிறை புகுந்தனர். மக்களுக்குப் பொறுப்பான மந்திரியை மக்கள் தட்டிக் கேட்பதும் இயல்பே.

ஆனால் அச்சபை வீழ்ந்தது மக்கள் தீர்ப்பினால் அன்று. 1939 செப்டம்பரில், மாகாண மந்திரிகளையோ மக்கள் பிரதிநிதிகளையோ கலந்துகொள்ளாமலே, இந்தியா யுத்தத்தில் ஈடுபட்டதாக வைசிராய் அறிவித்தார். அக்டோபர் இறுதியில் மந்திரி சபை விலகியது. 1946 வரை கவர்னரின் ஆட்சியே நடந்தது. சேலத்து மதுவிலக்கும் இடையில் நிறுத்திவைக்கப்பட்டது.

இரட்டையாட்சி மந்திரிக்குப் பதவி இருந்தது, நிதி இல்லை. 1937-இன் மந்திரிக்கு நிதியும் இருந்தது, இறுதி அதிகாரம் இல்லை. மந்திரி சபை சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்ற விதி 1950-இல் நம் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. ஒரே வாக்கியத்தில் அடங்கும் அவ்விதியை வகுப்பில் படிக்கும்போது, அதனைப் பெற முப்பது ஆண்டுகள் ஆயின என்பதை நினைவில் வையுங்கள்.