சாவு வீட்டுச் சிரிப்பு

மதுரையில எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமிதான். நான் எழுத வந்தது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்கிற இன்னொரு எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகள் மேல் இருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடும். ஒயர் மேல ரப்பர் உரிஞ்ச மாதிரி. கால் தள்ளாடும், கண் மங்கும். குணமும் மாறும். அதுதான் வெளியே பேசப்படுவதில்லை.

இத்தனைக்கும் இது பழைய சேதி. 1868-ல் பாரிஸ் சால்பெட்ரியே மருத்துவமனையில் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டிய ஷார்கோ, நடுக்கத்தோடு நிறுத்தவில்லை. ஞாபகம் மங்குவது, யோசனை மெதுவாவது, எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பது, காரணமில்லாமல் சிரிப்பது, அழுவது எல்லாவற்றையும் அதே நோயின் கணக்கில்தான் எழுதினார். 1926-ல் காட்ரெல், வில்சன் என்ற இரண்டு பேர் லண்டனில் 100 நோயாளிகளைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பு முடியாத நிலையிலும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்களாம்! 'எம்.எஸ்.காரர் சிரிச்சுக்கிட்டே இருப்பார்' என்ற சித்திரம் அப்படித்தான் பாடப்புத்தகங்களில் ஒட்டிக்கொண்டது. மனச்சோர்வுதான் அதைவிட அதிகம் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

நம்ம ஊர் வெயில் வேற. உடம்புச் சூடு ஏறினால் அறிகுறிகள் கூடும் என்பதற்கு உத்தோஃப் 1890-ல் எழுதியதுதான் தொடக்கம். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு, சுடுதண்ணித் தொட்டியில் உட்கார வைத்துக்கூட நோயைச் சோதித்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் மதுரையில் தொட்டியே தேவையில்லை. மதியம் சுருண்டு படுப்பவருக்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தேன். 1995 சட்டத்தின் 7 வகைகளில் இல்லாத எம்.எஸ்., புதுச் சட்டத்தின் 21-ல் இருக்கிறது. நல்லது. ஆனால் மனநோய் ஒரு தலைப்பு, நாள்பட்ட நரம்பு நோய் வேறொரு தலைப்பு. எம்.எஸ். இரண்டாவதில் மட்டும். அதன் விளக்கத்தில் மயலின் வருகிறது, மனசு வரவில்லை. ஷார்கோ ஒரே பட்டியலில் எழுதியதை நாம் இரண்டு டேபிளாகப் பிரித்து, நடுவில் லிங்க் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

சாவு வீட்டில் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தால் இங்கே என்ன சொல்வார்கள்? 'திமிரு' என்பார்கள், இல்லையென்றால் 'பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க'. அந்தச் சிரிப்பில் அவருக்கு சந்தோஷமே இருக்காது. உணர்ச்சியை வெளிக்காட்டும் நரம்புப் பாதையில் கோளாறு, அவ்வளவுதான். இதற்கென்றே 2010-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒரு பாதி இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், மறுபாதி பழைய இதய மருந்தான குயினிடின்.