செஞ்சாயம் தேடிய கதை

செம்பருத்தித் தளிரிலும் பப்பாளி இலையிலும் வெண்பஞ்சுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியைத் தோட்டமுடையார் அனைவரும் அறிவர். அதற்கு உறவான பூச்சியொன்றை வல்லரசுகள் ஒருகாலத்தில் ஆவலோடு தேடின என்றால் நேயர்கள் வியப்புறலாம்.

கொச்சினீல் எனும் அப்பூச்சி, கள்ளி மடலில் ஊசிபோன்ற அலகைச் செருகி, மெழுகுப் பஞ்சைப் போர்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வாழ்வது. நசுக்கினால் குருதியெனச் சிவப்பு வடியும். ஒரு பவுண்டுச் சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஆங்கிலப் படையதிகாரிகளின் செவ்வங்கிகள் இதனாலேயே நிறம் பெற்றன. ஆனால் சரக்கோ, மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் கையில் இருந்தது.

சென்னையில் கம்பெனியின் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதனை மாற்ற எண்ணினார். 1786-இல் கடற்கரைப் புல்லில் சிவப்புச் சாறுடைய பூச்சியொன்றைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டதென்றே லண்டனில் இருந்த ஜோசப் பாங்க்சுக்கு எழுதினார். அது வேறு பூச்சி. மனிதர் சோர்ந்தாரில்லை; சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்துவிட்டார். இலை போட்டாயிற்று, விருந்தினர்தாம் வரவில்லை!

1795-இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவில் கொணர்ந்து இறக்கினார். அவை காட்டினம், உடல் சிறிது, சாயமும் மட்டம். வணிகம் தேறவில்லை. பூச்சிக்கு அதனால் என்ன குறை? அமெரிக்காவிலிருந்து முன்னரே வந்து, வேலியாய் நின்று, பின் விளைநிலத்திலும் புகுந்திருந்த கள்ளியினம் ஒன்றை அது தின்று தீர்த்தது. வடநாட்டில் அக்கள்ளி அருகியதைக் கண்டோர், 1836-க்கும் 1838-க்கும் இடையில் அப்பூச்சியைத் தெற்கே வேண்டுமென்றே கொண்டுவந்தனர். பூச்சியை ஏவிக் களையை ஒழித்த முதல் முயற்சி உலகில் இதுவே எனக் கருதுவர்.

எனினும் நம் பக்கத்துச் சப்பாத்திக் கள்ளி வேறினம். அதனை அப்பூச்சி தீண்டவில்லை. பாம்புக்குப் புகலிடமாய், உழவனுக்கு இடராய் அது பரந்தே கிடந்தது. 1926-இல் இலங்கை வழியாகக் கொச்சினீலின் மற்றோரினம் வந்த பின்னரே புதர்கள் சரிந்தன. தரிசு எது, வேலி எது என்று பூச்சி பார்ப்பதில்லை; கள்ளிவேலியை நம்பியிருந்த உழவர்க்கு முள்ளோடு வேலியும் போயிற்று.

எஞ்சிய கள்ளிகளில் இன்றும் அவ்வெண்பஞ்சைக் காணலாம். தொட்டு நசுக்கினால் விரல் சிவக்கும்.