இல்லாத காலில் வலி

காலை வெட்டி எடுத்தாச்சு. ஆனா அந்தக் கால் கட்டைவிரல் வலிக்குதுன்னு ஒருத்தர் சொல்றார். என்ன நினைப்பீங்க? மனப்பிரமைன்னுதானே? ரொம்ப காலம் டாக்டர்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

இந்த வலியைப் பத்தி 16ஆம் நூற்றாண்டிலேயே அம்ப்ரோஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். பெரிசா யாரும் கண்டுக்கலை.

அப்புறம் வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65). குண்டு பட்டு எலும்பு நொறுங்கினால், வெட்டி எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். கை கால் போன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில். பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கான ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்த சைலஸ் வெய்ர் மிட்செல், இவங்க சொன்னதைப் பொறுமையாக் கேட்டார்.

கேட்டதை 1866ல் எழுதினார். எங்கே தெரியுமா? அட்லாண்டிக் மந்த்லி பத்திரிகையில், சிறுகதையா, அதுவும் பேர் போடாம! இரண்டு கை, இரண்டு காலும் போன ஜார்ஜ் டெட்லோ என்கிற கற்பனை ஆள் தன் கதையைச் சொல்றார். ஜனங்க நிஜம்னே நம்பி, அவருக்காகப் பணமெல்லாம் அனுப்பினாங்களாம். 1871ல்தான் தன் சொந்தப் பெயரில் எழுதி 'ஃபாண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார். தமிழில் மாய உறுப்புன்னு வச்சுக்கலாம். அவர் பார்த்த 90 பேரில் 86 பேருக்கு இது இருந்தது. அத்தனை பேருமா பிரமையில் இருப்பாங்க?

மீதிக் கதையில் நம்ம ஊர்க்காரர் வருகிறார். சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். 1990களில் கலிபோர்னியாவில், கையிழந்த ஒருத்தர் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரலைத் தொடுற மாதிரி இருக்குன்னார் அவர்! மூளையில் கைக்கும் முகத்துக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. கை வீடு காலியானதும் முகம் உள்ளே புகுந்துடுச்சு என்பது ராமச்சந்திரன் விளக்கம். கண்ணாடியில் நல்ல கையைக் காட்டி, போன கை அசைவதாக மூளையை நம்ப வைத்தார். சிலருக்கு வலி குறைந்தது, எல்லாருக்கும் இல்லை.

2013ல் டாமர் மேக்கின் குழு வேற மாதிரி சொன்னது. வலி அதிகமா இருக்கிறவங்க மூளையில் அந்தக் கையின் இடம் அப்படியே இருக்காம். பழைய குடித்தனக்காரர் காலியே பண்ணலை! சண்டை இன்னும் தீரலை.

அது தீருகிறபோது தீரட்டும். நம்ம சொந்தக்காரர்களிலேயே சர்க்கரை நோயால் காலை எடுத்தவங்க இருப்பாங்க. எடுத்த கால் அரிக்குது, எரியுதுன்னு அவங்க சொன்னா சிரிக்காதீங்க. டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. பைத்தியம்னு நினைப்பாங்களோன்னு பயந்தே நிறைய பேர் வாயைத் திறக்கிறதில்லை.